கட்சியா, சங்கமா, போராட்டக் குழுவா, கோர்ட்டா?

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்வாயை மறித்துத் தென்னந்தோப்பு வைத்துவிட்டார்கள், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தே அலுத்துப்போச்சு, இனி வழக்குத்தானா? மதுரை மாநகராட்சியின் விரிவாக்கப் பகுதியிலிருந்து இன்னொருவர்: பாதாளச் சாக்கடை வரவில்லை, குடியிருப்போர் சங்கம் வைப்பதா, பேசாமல் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிடுவதா? உசிலம்பட்டிப் பக்கத்துப் பட்டதாரிப் பெண் ஒருவர்: உள்ளாட்சித் தேர்தலில் நிற்க ஆசை, கட்சி இல்லாமல் முடியுமா?

கேள்விகள் வேறு வேறுதான். ஆனால் மூவர் முன்னாலும் இருப்பவை அதே நான்கு வழிகள்: கட்சி, பதிவு செய்த சங்கம், போராட்டக் குழு, நீதிமன்றம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எதற்கு நல்லது என்று கேட்டால் ஓரளவு சொல்லலாம்.

எதை வைத்து அளப்பது

முதலில், உங்களுக்கு வேண்டியது என்ன? ஒன்றை வரவிடாமல் தடுக்க வேண்டுமா, ஒன்றைக் கொண்டுவர வேண்டுமா, முடிவெடுக்கிற நாற்காலியில் நீங்களே உட்கார வேண்டுமா? பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். குவாரியைத் தடுத்து நிறுத்திய வழி, தெருவுக்குத் தார் ரோடு கொண்டுவர உதவாது.

அடுத்து, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? கிராம ஊராட்சியிலா, கலெக்டர் மேசையிலா, கோட்டையிலா, டெல்லியிலா? தாசில்தாரால் முடியாத காரியத்துக்குத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பயனில்லை.

எத்தனை காலம் நிற்க வேண்டியிருக்கும், என்ன செலவாகும் என்பது மூன்றாவது. பணச் செலவு கண்ணுக்குத் தெரியும். வேலைக்குப் போகாத நாள், மேலே விழுகிற வழக்கு, சொந்தபந்தத்தில் முறிந்த பேச்சு ஆகியவை தெரியாது.

கடைசியாக, பலரும் கேட்காமலே விடுகிற ஒன்று: "எங்க ஊரு" என்று சொல்லும்போது அந்த ஊருக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

கட்சி

கட்சிக்கு எல்லா அடுக்கிலும் ஆள் உண்டு. கிளை, வட்டம், ஒன்றியம், மாவட்டம், தலைமை என்று கீழிருந்து மேல்வரை. சங்கம் மூன்று மாதம் கடிதம் எழுதிச் சாதிப்பதை வட்டச் செயலாளர் ஒரு போனில் முடித்துவிடுவார், கவுன்சிலரும் அவர் கட்சியாக இருந்தால். சட்டம் இயற்றுவதும் நிதி ஒதுக்குவதும் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக வழியே இல்லை.

ஆனால் கட்சிக்குள் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். "எம்எல்ஏ நம்ம ஆளு" என்ற நம்பிக்கையில் சேருகிறவர்கள் அதிகம். 1985-இல் வந்த 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தப்படி, கொறடா (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி எம்எல்ஏக்களுக்குச் சொல்கிறவர்) உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் எம்எல்ஏ பதவியே போய்விடும். அவர் நம் ஆளாக இருந்தாலும், கட்சி எடுத்த முடிவுக்கு எதிராக நமக்காகக் கைதூக்க முடியாது. தொகுதி வேலைகளில் அவர் பயன்படுவார். கொள்கை முடிவுகளில் அவரைவிட மாவட்டச் செயலாளரின் காது பயன்படும், பல சமயம் அதுவும் போதாது.

உள்ளாட்சி விஷயத்தில் ஒரு வித்தியாசம் முக்கியம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. ஒன்றியக் கவுன்சிலரிலிருந்து சின்னம் வந்துவிடும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் முழுக்கக் கட்சிதான். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, கிராமத்தில் கட்சி இல்லாமல் தலைவராக வழி உண்டு. மாநகராட்சியில் சுயேச்சையாக ஜெயித்து உள்ளே போனாலும் தனி ஆள்தான்.

இனி மறைவான செலவு. கரைவேட்டி கட்டிய நாளிலிருந்து உங்கள் மனு கட்சி மனு ஆகிவிடும். ஆட்சி மாறினால் ஐந்து வருடம் அதே அலுவலகத்தில் உங்களுக்கு நாற்காலி கிடைக்காது. உங்களோடு சேர்ந்து உங்கள் தெருவுக்கும் கிடைக்காது, அதுதான் கஷ்டம். மாநாடு, ஃபிளெக்ஸ், வேன் என்று கைக்காசு கரையும், அதுவும் கட்சிகள் பிறக்கவும் பலம் காட்டவும் தேடிவரும் மதுரையில். விஜயகாந்த் 2005 செப்டம்பரிலும் கமல்ஹாசன் 2018 பிப்ரவரியிலும் கட்சி தொடங்கியது இங்கேதான். விஜய் தன் கட்சியின் இரண்டாவது மாநில மாநாட்டை 2025 ஆகஸ்டில் நடத்தியதும் மதுரையில்தான். தேர்தலில் நிற்கிற அளவுக்குப் போனால் செலவு வேறு தினுசு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் மூலம், ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு 'ஃபார்முலா'வுக்கே பெயர் கொடுத்த ஊர் நம்முடையது. அரசு ஊழியர்களுக்கு இந்த வழி கிடையவே கிடையாது, நடத்தை விதிகள் தடுக்கின்றன.

நாமே ஒரு கட்சி ஆரம்பித்தால் என்ன என்றும் சிலர் கேட்பதுண்டு. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவில் பதிவு செய்ய நூறு வாக்காளர்கள் உறுப்பினராக இருந்தால் போதும். பதிவு பெரிய விஷயம் இல்லை, தொடர்ந்து நிற்பதுதான் விஷயம். ஆறு வருடமாக ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் ஒரே மூச்சில் 334 கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரு கண்மாய்க்காக ஒரு கட்சி வேண்டாம்.

சங்கம்

ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துவிடலாம். குடியிருப்போர், வியாபாரிகள், பாசன விவசாயிகள் எல்லாருக்கும் இதே வடிவம்தான்.

சங்கத்தின் பலம் ஞாபகம். அதிகாரி மாறுவார், ஆட்சி மாறும், கோப்பு தொலையும். எந்தத் தேதியில் யார் என்ன எழுதிக் கொடுத்தார் என்று நகல் வைத்திருப்பது சங்கம்தான். மதுரையில் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் 1924-இலிருந்து இருக்கிறது. எத்தனை ஆட்சி வந்துபோனாலும் வரி, ரயில், விமானம் என்று மனுவை ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்க அதனால் முடிகிறது. எல்லா ஆட்சியும் அதைக் கூப்பிட்டுப் பேசும், ஏனென்றால் அது எந்தக் கட்சிக்கும் போட்டி இல்லை. உயர்நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்ததிலும் வழக்கறிஞர் சங்கங்களின் பல வருட வற்புறுத்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. 2004 ஜூலை 24-இல் அது திறக்கப்படும்வரை எத்தனை நீதிமன்றப் புறக்கணிப்பு, எத்தனை தூதுக்குழு!

இதெல்லாம் வெளியே தெரிகிற அழுத்தம். பணம் உள்ள தொழில் நிறுவனங்கள் இப்படி வெளியே வந்து கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விவரங்களை வெளியிட வைத்த பிறகுதான் எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று நமக்குத் தெரியவந்தது. குடியிருப்போர் சங்கத்து லெட்டர்பேடும் அந்தப் பத்திரமும் கேட்பது ஒன்றைத்தான், அரசின் காதை.

சரி, சங்கத்துக்கு என்ன செலவு? சந்தா சொற்பம்தான். ஆனால் வருடா வருடம் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, பதிவாளருக்கு அறிக்கை. இது பெரும்பாலும் ஒரே ஒரு செயலாளர் தலையில் விழும், அவர் சலித்த அன்று சங்கமும் படுத்துவிடும். இரண்டாவது ஆபத்து நிரந்தரத் தலைவர்: சங்கப் பெயரில் மேடை ஏறி, அடுத்த தேர்தலில் சீட்டு கேட்கிறவர்.

மூன்றாவது ஆபத்து கொஞ்சம் ஆழமானது. யார் உறுப்பினர் என்பதை வைத்தே யார் வெளியே என்பதும் முடிவாகிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் உறுப்பினர்கள் நிலவுடைமையாளர்கள். குத்தகைக்கு உழுகிறவர், நடவுக்குப் போகும் பெண், கண்மாயில் மாடு குளிப்பாட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர் எல்லாருக்கும் அதே தண்ணீர்தான், ஆனால் ஓட்டு இல்லை. வீட்டு உரிமையாளர் மட்டும் சேரக்கூடிய குடியிருப்போர் சங்கமும் இதே கதைதான். வாடகைக்காரர் வீட்டு முன்னாலும் சாக்கடை ஓடும்.

போராட்டக் குழு

தடுக்க வேண்டியது என்றால் இதைவிட வேகமான வழியை நான் பார்த்ததில்லை. அதற்கு நம் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. 2024 நவம்பர் 7-இல் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். அதற்குள், 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் வந்தது. முக்கியக் கனிமம் என்பதால் ஏலம் விட்டது மத்திய அரசு. முடிவு டெல்லியில் இருந்தது.

கிராமங்கள் மந்தையில் கூடின, கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள், மேலூரில் கடையடைப்பு நடந்தது. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்து என்று மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. ஏலம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், குழு கட்சிகளைக் கையாண்ட விதம். யாரையும் துரத்தவில்லை, யாரையும் தலைமை தாங்கவும் விடவில்லை. மாநிலத்தில் ஆண்ட கட்சி தீர்மானம் போட்டது, எதிர்க்கட்சிகள் குரல் கொடுத்தன, மத்தியில் ஆண்ட கட்சியோ ஊர்ப் பிரதிநிதிகளை டெல்லிக்கு அழைத்துப்போய் அமைச்சரைப் பார்க்க வைத்தது. ஒருவர் பேர் வாங்கிவிடுவாரோ என்று மற்றவர் பயந்த பயம்தான் ஊருக்குக் கிடைத்த பலம். ஒருபோகப் பாசன (வருடத்துக்கு ஒரு போகப் பயிருக்குத் தண்ணீர் பெறும்) விவசாயிகளின் சங்கம் ஏற்கெனவே அங்கே இருந்ததையும் மறக்கக் கூடாது. வெறும் மைதானத்திலிருந்து அந்தக் கூட்டம் முளைக்கவில்லை.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் இதற்கு நேர் எதிர் வழி. அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் கட்சிகளை மேடை ஏற விடவில்லை. ஜனவரி 22-இல் ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைக்க வந்த முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வமே, நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று மக்கள் நின்றதால் நடத்தாமல் திரும்பினார். ஆனால் மறுநாள் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியவர்கள், விலக்கி வைக்கப்பட்ட அதே கட்சிகளின் எம்எல்ஏக்கள்தான். அப்புறமும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 மே 18-இல் ஏற்கும்வரை விஷயம் முடியவில்லை. தெருவில் நின்றது நாட்கணக்கு, கோர்ட்டில் நின்றது ஆறு வருடம்.

போராட்டத்தின் விலையைப் பெரும்பாலும் கொடுப்பது இளைஞர்கள். அனுமதி இல்லாமல் கூடியதாக வழக்குப் பதிவாகும். டங்ஸ்டன் வழக்குகளை அரசு திரும்பப் பெற்றது, ஆனால் எல்லாப் போராட்டத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது பழைய எஃப்ஐஆர் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, ஒன்றை வாங்குவதற்குப் போராட்டம் அவ்வளவு தோதில்லை. 'வேண்டாம்' என்று லட்சம் பேர் ஒரே குரலில் சொல்லலாம். 'வேண்டும்' என்றால் எந்த இடத்தில், யாருக்கு முதலில் என்று மறுநாளே பிரிந்துவிடுவார்கள்.

நீதிமன்றம்

ஒத்தக்கடை பக்கத்திலேயே உயர்நீதிமன்றக் கிளை இருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்குக் கோர்ட் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவசரத் தடைக்கு, மணல் லாரியை இன்றே நிறுத்துவதற்கு, இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பொதுநல வழக்குகளில் அடிக்கடி கிடைப்பது, "மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்கவும்" என்ற வரிதான். அதாவது நீங்கள் மனு கொடுத்த அதே அதிகாரியிடம் மறுபடி போகிறீர்கள், இப்போது கையில் கோர்ட் உத்தரவோடு. அவர் அசையவில்லை என்றால் அவமதிப்பு வழக்கு. அதையும் ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

கட்டடம் கட்ட வைப்பது கோர்ட்டுக்கு இன்னும் கஷ்டம். தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனை தொடர்பாக மதுரைக் கிளையில் எத்தனையோ வழக்கு நடந்தது. 2019 ஜனவரி 27-இல் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. பிரதான கட்டுமானம் 2024-இல்தான் தொடங்கியது. இடையில் அது இரண்டு பக்கமும் பிரசார மேடைக்கு நல்ல சரக்காக இருந்தது.

ஊரே எதிரில் நின்றால்

மேலே சொன்ன சங்கமும் போராட்டக் குழுவும் ஊர் ஒற்றுமை என்ற ஒன்றை நம்பி நிற்பவை. அந்த ஒற்றுமையே உங்களுக்கு எதிராக இருந்தால்? இதைத் தவிர்த்துவிட்டு மதுரையில் குடிமைச் சமூகம் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது.

பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-இலிருந்து பத்து வருடம் தேர்தல் முறையாக நடக்கவில்லை. மனுத் தாக்கல் இருக்காது, இருந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. இதை நடத்தியது கட்சி அல்ல, ஊர்க் கட்டுப்பாடு. மேலவளவில் துணிந்து தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். கடைசியில் 2006 அக்டோபரில் அந்த ஊர்களில் தேர்தல் நடந்ததற்கு, விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து கொடுத்த அழுத்தமும், அரசும் மாவட்ட நிர்வாகமும் எடுத்த முயற்சியும் காரணம்.

பட்டியல் சாதியினரைப் பிரித்து வைக்க எழுப்பிய உத்தப்புரம் சுவரும் அப்படித்தான். உள்ளூரில் யாரிடம் மனு கொடுப்பது? மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் கையில் எடுத்து அதை மாநில விவகாரம் ஆக்கிய பிறகு, 2008 மே 6-இல் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

இன்னும் பின்னால் போனால், 1939 ஜூலை 8-இல் மீனாட்சி அம்மன் கோயில் நுழைவு. நடத்திக் காட்டியவர் வைத்தியநாத ஐயர், ஹரிஜன சேவக சங்கத்தின் வழியாக. ஆனால் அதில் ஈடுபட்டவர்கள் மேல் வழக்குப் பாயாமல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது ராஜாஜியின் காங்கிரஸ் அரசு. சங்கத்துக்குத் துணிச்சல் இருந்தது, சட்டம் செய்கிற கை கட்சியிடம் இருந்தது.

ஆகவே ஊருக்குள் சிறுபான்மையாக இருக்கிறவருக்கு என் பதில் வேறு: ஊருக்கு வெளியே பலம் உள்ள கட்சியோ, மாநில அளவிலான அமைப்போ, கோர்ட்டோ முதலில் வரட்டும், சங்கம் அப்புறம். அவருக்குக் கட்சி அடையாளம் செலவு இல்லை, பாதுகாப்பு.

கேட்ட மூவருக்கும்

மேலூர் விவசாயிக்கு: கோர்ட்டுக்குப் போகுமுன் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறைக் கண்மாய்க்கு 2007-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது, ஒன்றியக் கண்மாய்க்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 'அ' பதிவேடும் (எந்த நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) புலப்படமும் (நிலத்தின் அளவை வரைபடம்) வாங்குங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். பிறகு ஏழு பேர் சேர்ந்து சங்கப் பெயரில் வழக்குப் போடுங்கள். தனி ஆளாகப் போட்டால் தோப்புக்காரருக்கும் உங்களுக்கும் வரப்புத் தகராறு என்று எதிர்த்தரப்பு சொல்லும். பல அரசுக் கட்டடங்களே கண்மாய் நிலத்தில் நிற்கிற மாவட்டம் இது, அதனால் ஆவணம் இல்லாமல் போகாதீர்கள்.

உசிலம்பட்டித் தங்கைக்கு: கிராம ஊராட்சிக்குக் கட்சி தேவையில்லை, பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கீடும் உண்டு. 2019 டிசம்பரில் தேர்வானவர்கள் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போனதைப் பார்த்திருப்பீர்கள். தேர்தல் தேதி எப்போதும் உங்கள் கையில் இருக்காது. கிராமசபை ஆறு நாள் இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றிலும் எழுந்து, வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்குப் பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றியக் கவுன்சிலர் ஆசை வந்தால் கட்சியைப் பற்றி அன்றைக்கு யோசிக்கலாம்.

விரிவாக்கப் பகுதி நண்பருக்கு: சங்கம்தான். மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்ததிலிருந்து உங்களைப் போன்ற பகுதிகள் வரிசையில் நிற்கின்றன. பாதாளச் சாக்கடைத் திட்டம் பல வருடம் ஓடும், இடையில் ஆட்சியும் கவுன்சிலரும் மாறக்கூடும். ஏரியா சபைக் கூட்டம் (வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடுவது) எப்போது என்று கேட்டு, கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். உறுப்பினர் பட்டியலில் வாடகைக்காரர்களையும் சேருங்கள். எல்லாக் கட்சிக்காரரும் உறுப்பினராக இருக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் துணைவிதிகளை எழுதும்போதே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: ஒருவர் தலைவராகவோ செயலாளராகவோ தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது, நிர்வாகி யாராவது கட்சிப் பொறுப்பு ஏற்றாலோ தேர்தலில் நின்றாலோ சங்கப் பொறுப்பிலிருந்து அன்றே விலகிவிட வேண்டும். ஆள் யார் என்று தெரியாத இப்போதே எழுதினால்தான் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவார்கள்.